அடுத்த ஆட்டம் ஆ லியோங்குக்கு

மற்றவர்கள் நேரத்தை வீணாக்குவதற்காக நாம் நேரத்தோடு கடை திறக்கிறோமே, அதுதான் வீடியோ கேம் கடைத் தொழில்.

கேசட் கடை வைத்திருந்தவர்கள், ஸ்டூடியோவில் பிலிம் கழுவியவர்கள், வீடியோ படம் வாடகைக்கு விட்டவர்கள், இவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தெரியும், இன்றைக்கும் யாரும் வரப்போவதில்லை என்று. ஆனாலும் தூக்குவோம். மற்றவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. அவர்கள் வேறு பக்கத்தைப் படிக்கட்டும்.

என் கடை மலாக்கா காஜா பேராங்கில். ஒரு காலத்தில் இருபது மெஷின். பள்ளிக்கூடம் விட்டால் நிற்க இடம் இருக்காது. இப்போது எல்லார் கையிலும் போன். என் கடையில் ஓடுவது நாலு மெஷின். கடைச் சொந்தக்காரர் காதர் பாய் இருந்தவரை என்னை ஒன்றும் கேட்டதில்லை. அவர் மவுத்தான பிறகு மகன் நசீர் பக்கத்துக் கடையில் டோபி திறந்தான். டோக்கன் போட்டால் மெஷினே துவைத்து, மெஷினே காயவைக்கும். நன்றாக ஓடுகிறது. டிரையர் வைக்க இடம் போதவில்லை, என் கடையும் வேண்டும் என்று ஜூலையில் வந்து மரியாதையாகத்தான் கேட்டான். சுதந்திர தினமான மெர்டேக்கா வரை யோசியுங்கள், ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி பதில் சொல்லுங்கள் என்றான்.

யோசிக்க என்ன இருக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். புக்கிட் பாருவில் மகள் எனக்கு ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். சாவியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே போயிருப்பேன். ஒரே ஒரு டோக்கன் தடுத்தது.

விளிம்பில் வைத்தால்

கேம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போது அடுத்தவன் தன் டோக்கனைத் திரைக்குக் கீழே விளிம்பில் வைத்துவிடுவான். அடுத்த ஆட்டம் அவனுக்கு. அவன் டீ குடிக்கப் போகலாம், ஒண்ணுக்குப் போகலாம். டோக்கன் இருக்கும்வரை இடம் அவனுடையது. ஏழெட்டு டோக்கன்கள் வரிசையாக நிற்கும். அதில் கை வைத்தவனைக் கடையை விட்டே துரத்தியிருக்கிறேன். எவர் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்த்ததில்லை.

ஆ லியோங் என் மெக்கானிக். முப்பது வருஷப் பழக்கம். மெஷின்கள் குறையக் குறைய அவனுக்கு வேலையும் குறைந்தது. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் வருவான். கார் ஓட்டும் மெஷினில் இரண்டு இருக்கை. ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்து ஓட்டுவோம். பேச்சு கிடையாது. தோற்றவன் கோப்பி வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்குவேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவன் தோற்றான். உடனே இன்னொரு டோக்கனை எடுத்து விளிம்பில் வைத்தான். அதற்குள் வாசலில் ஹாரன். அவன் மகள், ஜொகூரில் டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போக வந்திருந்தாள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவான் என்றார்கள். முதலாளி என்பதற்கு அவன் சொல் தவுக்கே. எழுந்து போகும்போது மலாயில் சொன்னான்: "தவுக்கே, அது என் டர்ன். எவனையும் உட்கார விடாதே."

சீருடை

அவனுக்கு அங்கே பக்கவாதம் வந்துவிட்டது. திரும்பவில்லை. டோக்கன் விளிம்பிலேயே இருந்தது. சுற்றித் தூசி துடைப்பேன், அதைத் தொடமாட்டேன். ஆக, நாலு மெஷினில் நன்றாக ஓடக்கூடிய ஒன்றில் யாரும் உட்காரக்கூடாது. இந்த லட்சணத்தில் ஆகஸ்ட் முதல் வாரம் ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். இளைஞர். கையில் பைல். முன்பெல்லாம் இவர்கள் அடிக்கடி வருவார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் உள்ளே இருந்தாலும் வம்பு. பின்கதவைத் திறந்து ஓடச் சொல்வேன்.

இவர் ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தார். கழிவறைக் கதவைத் தட்டினார். சீருடைப் பையன்கள் யாராவது வருவதுண்டா என்று கேட்டார். கண்டுபிடித்தால் எனக்கும் காட்டுங்கள் என்றேன். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடி, வயதுக்கு மரியாதை கொடுத்து மலாயில் சொன்னார்: "பாக்சிக், தப்பு நடக்கணும்னாகூட ஒரு ஆளாவது வேணும்."

சத்தம்

பக்கத்தில்தான் கம்போங் செட்டி, அந்தக் காலத் தமிழ் வணிகர்களின் வம்சம் வாழும் கிராமம். அங்கிருந்து தேவா என்பவர் தினமும் பத்து மணிக்கு வருவார். என்னைவிட மூத்தவர். செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, வீட்டில் பேசுவது மலாய். அதனால் நாங்களும் மலாயில்தான் பேசுவோம், பேசினால். அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் வாசலைப் பார்ப்பேன்.

ஒரு காலத்தில் இதே மனிதர் என் கடைச் சத்தம் தாங்கவில்லை என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் புகார் கொடுத்தவர். அந்த மனு என்ன ஆயிற்று என்று ஒரு நாள் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுல டிவி, கோயில்ல மைக், தெருவுல மோட்டார். இந்த வட்டாரத்துல சத்தமில்லாத இடம் உன் கடை ஒண்ணுதான் தம்பி, மூடிடாதே."

துணிக்கூடை

புனிதா கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிற பெண். வீடு இந்தப் பக்கம். கடை ஏப்ரன்களையும் மேசைத் துணிகளையும் துவைக்கக் கொண்டுவருவாள். முதல் நாள் டோபி வாசலில் டோக்கனை வாங்கிக்கொண்டு, கதவு மாறி என் கடைக்குள் நுழைந்துவிட்டாள். இடுப்பில் கூடை. துப்பாக்கி மெஷினுக்கு முன்னால் நின்று, துணி போடும் வாயைத் தேடினாள். கிடைக்கவில்லை. சரி, டோக்கன் போட்டால் திறக்கும் என்று போட்டாள்.

ஓடியது. டோபி டோக்கனும் என் டோக்கனும் ஒரே அளவு. எங்கே வாங்குவது என்று நசீருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான், புத்தி கெட்டவன். திரையில் பிணங்கள் எழுந்து வந்தன. அவள் கூடையைக் கீழே வைத்தாள். துப்பாக்கியை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள். ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு டோக்கன் இருக்கா அங்கிள், எங்க முதலாளி இன்னும் சாகல."

படம்

ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு ஜோடி. இது மியூசியமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒவ்வொரு மெஷினிலும் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு டோக்கன்கூட வாங்கவில்லை. போகும்போது அந்தப் பெண் நின்றாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "அங்கிள், நீங்களும் பக்கத்துல நில்லுங்க, எல்லாம் ஒரே காலத்து மாதிரி இருக்கும்."

கோலாலம்பூர்க்காரர்

பழைய மெஷின்களை வாங்கி வீட்டில் வைத்து அழகு பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எப்படியோ கேள்விப்பட்டு கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கார் மெஷினைப் பார்த்ததும் குரலே மாறிவிட்டது. ஸ்டீயரிங்கைத் தடவினார். கை விளிம்புப் பக்கம் போனது. தட்டிவிட்டேன்.

மற்றதெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், இது மட்டும் இல்லை என்றேன். ஏன் என்றார். வரிசையில் ஆள் இருக்கிறது, அடுத்த ஆட்டம் அவருக்கு என்றேன். தேவா அன்றைக்கு வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வந்தவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், இங்க நீங்களும் நானும்தான் இருக்கோம்."

இடது கை

ஆ லியோங்கின் மகள் மெய் லிங் எப்போதாவது போன் பண்ணுவாள். அவனுக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. போனை அவன் காதில் வைப்பாள். நான் ஏதாவது சொல்வேன். மழை பெய்தது, பசியாறினேன், கடையில் யாரும் இல்லை. அவன் மூச்சுவிடுவது கேட்கும். எங்களுக்கு அது புதிதல்ல. முப்பது வருஷமாக அப்படித்தான் பேசினோம்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். கடையைக் கேட்கிறார்கள், மாசக் கடைசியில் பதில் சொல்ல வேண்டும், என்ன செய்ய. மூச்சு நின்று, பிறகு வேகமாக வந்தது. ஏதோ கட்டிலில் இடித்தது. மெய் லிங் போனை வாங்கினாள். "அங்கிள், அப்பா இடது கையை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிக் காட்டுறார், எங்க யாருக்கும் புரியல, உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

காணவில்லை

தெரிந்தது. கார் மெஷினில் கியர் இடது பக்கம்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தட்டுக் கழுவப் பின்னால் போனேன். வந்து பார்த்தால் விளிம்பில் டோக்கன் இல்லை. டோக்கனை ஒட்டித் துணி படாத தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பக்கத்து டோபியில் புனிதா டிரையரில் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரையர் பாதியில் நின்றுவிட்டதாம். என் கடையில் ஒரு டோக்கன் சும்மா கிடந்ததாம். எடுத்துப் போட்டுவிட்டாளாம், நாளைக்குத் தருவாளாம். நான் டிரையரின் பிளக்கைப் பிடுங்கினேன். என்ன பேசினேன் என்று எழுதமாட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

நசீர் சாவியோடு ஓடிவந்தான். துணி மடிக்கிற மேசையில் டிரையரின் டோக்கன் பெட்டியைக் கொட்டினான். பத்து டோக்கன் தருகிறேன் என்றான். யாருடைய டோக்கன் என்று சொன்னேன். தேட ஆரம்பித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு புனிதாவும் தேடினாள். டோபி டோக்கன்கள் புதுசு, பளபளக்கும். என்னுடையது பித்தளை, கறுத்துப்போனது. கடைசியில் நசீர்தான் எடுத்தான். என் கையில் கொடுக்காமல் அவனே கொண்டுபோய் அந்த வட்டத் தடத்தின் மேல் சரியாக வைத்தான். "இதே மாதிரி ஒண்ணை நகர்த்தினதுக்குத்தான் மாமா, சின்ன வயசுல என் காதைப் பிடிச்சு வெளியே விட்டீங்க."

முப்பத்தொன்றாம் தேதி

தெரு முழுக்கக் கொடி. விடுமுறை நாளில் எனக்கு மட்டும் கடை. நசீர் வந்தான். இழுத்தடிக்க எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள் என்றேன். சாவியை மேசையில் வைத்தேன். கார் மெஷினை மகள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாலாவது மாடி, லிப்டில் நுழையாது. கோலாலம்பூர்க்காரருக்குக் கொடுத்தால் அவர் முதல் வேலையாக விளிம்பைத் துடைப்பார். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் டேப்பை எடுத்துச் சுவரை அளந்தான். மறுபடி அளந்தான். தன் தாளில் எதையோ அடித்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அஞ்சு டிரையர் வைக்கலாம்னு வந்தேன், நாலு போதும், அந்த மூலையில இது இருக்கட்டும், ஆனா டோக்கனைப் பார்த்துக்க நீங்களும் வந்து உட்காரணும் மாமா."

வரிசை

இப்போது நான் டோபியில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற மூன்று மெஷின்களும் கோலாலம்பூர் போய்விட்டன. தேவா இரண்டு நாள் வந்தார். டிரையர் சத்தம். பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போனவர் பிறகு வரவில்லை. வருகிறவர்கள் என்னிடம் சோப்புத்தூள் கேட்கிறார்கள். சனிக்கிழமை மெய் லிங் போன் பண்ணுவாள். நான் மெஷினில் என் இருக்கையில் உட்கார்ந்து பேசுவேன். அவன் மூச்சு விடுவான். பக்கத்து இருக்கை காலி.

போன வாரம் புனிதா வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை; அன்றைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன். துணியைப் போட்டாள். காத்திருந்தாள். காய்ந்து முடிந்து மடித்த பிறகு அவள் கையில் ஒரு டோக்கன் மிச்சம். கார் மெஷினிடம் போனாள். நான் எழுந்தேன். அவள் தொடவில்லை. தன் டோக்கனை ஆ லியோங்குடைய டோக்கனுக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தாள். கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "அவருக்கு அப்புறம் நான், அங்கிள், அவசரம் இல்ல."

ஆடுவதற்கு ஆள் இல்லாமல் காத்திருப்பதற்கு மட்டும் இரண்டு பேர் இருக்கும் இந்த நிலைமை, உண்மையைச் சொன்னால், போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு வியாபாரம்.