ஜெர்சி சிட்டியில் மேலே வீடு, கீழே கடை, கதவில் ‘வாங்க’

பள்ளிச் சுற்றுலாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “டீச்சர், ஒரு கட்டடத்தை எங்க நின்னு பாக்கணும்?” மதுரையில் ஓர் அரண்மனைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். “எதிர்ப்பக்கம் போ. முழுசாத் தெரியற வரைக்கும் பின்னால நகரு” என்றேன். அந்தப் பதிலை நானே சோதித்துப் பார்க்கும்படி ஆனது 2007 ஜூலையில், ஜெர்சி சிட்டியில்.

அதே நியூ ஜெர்சி மாநிலத்தில், ஐசலினில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்று எனக்கு மனப்பாடம். மகளோடு வேலை பார்க்கும் மும்தாஜ் ஒரு நாள் போன் செய்தாள். அவள் கணவர் ஹாஜா வெள்ளிக்கிழமை இடியாப்பம், பாயா கடை திறக்கிறார். “பில்டிங் ரொம்பப் பழசு ஆன்ட்டி, விக்டோரியா ராணி காலத்துது. நீங்க வியாழக்கிழமையே வாங்க. நிதானமாப் பாக்கலாம்” என்றாள்.

போகும் வழி சுலபம். மகள் என்னை மெட்ரோபார்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். நியூவர்க் வரை அரை மணி நேர ரயில். அங்கேயே மாறி ‘பாத்’ ரயிலில் ஏற வேண்டும். கட்டணம் ஒன்றரை டாலர், இருபது நிமிடம். குரோவ் ஸ்ட்ரீட்டில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கடை. முழங்கால் வலி உள்ளவர்கள் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு நேராகப் போகாமல் தெருவின் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். மொத்தம் நான்கு தளம், சிவப்புச் செங்கல். கீழே இரண்டு கடைகள், மேலே மூன்று தளங்களிலும் வாடகைக் குடித்தனங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக இப்படி நிறையக் கட்டினார்களாம். வாடகை வீடுதானே என்று மொட்டையாக விட்டுவிடவில்லை. உச்சியில் புருவம் போல நீண்ட விளிம்பு, அதைத் தாங்குவது போல வரிசையாகச் சுருள் வேலை. கல் என்றே நினைத்தேன், தகரத்தை அடித்து வளைத்ததாம். ஜன்னல் ஒவ்வொன்றின் மேலும் வளைந்த கல் பட்டை. அதனால் மழைநீர் ஓரமாக வழிந்துவிடும், சட்டத்தில் இறங்காது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைகளின் முகப்பு. மேலே மூன்று மாடிச் சுவர் இருக்க, கீழே முழுக்கக் கண்ணாடி. எப்படி நிற்கிறது? நாலு பென்சிலை நிறுத்தி மேலே ஒரு அட்லஸை வைத்துப் பாருங்கள், புரியும். இங்கே பென்சில்கள் வார்ப்பிரும்புத் தூண்கள். ஒல்லியாக இருப்பதால் கண்ணாடிக்கு இடம் கிடைக்கிறது. இரண்டு கடைகளுக்கும் நடுவே குறுகலாக இன்னொரு கதவு, பக்கத்தில் அழைப்பு மணிகள். குடித்தனக்காரர்களுக்கு அதுதான் வாசல். கடைக்கு வருகிறவரும் வீட்டுக்குப் போகிறவரும் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மேலிருந்து கீழாக இப்படிப் படித்துக்கொண்டே வந்து ஹாஜாவின் கடைக் கதவுக்கு வந்தேன். கண்ணாடியில் தங்க எழுத்து. மேல் வரி ஆங்கிலம். கீழ் வரி என்ன மொழி என்று தெரியவில்லை. தெருவைக் கடந்து பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் விளங்கியது. தமிழ்தான். ‘வாங்க’. கண்ணாடியில் முகம் பார்ப்பது போல இடம் வலமாகத் திரும்பி இருந்தது.

உள்ளே போய் மெதுவாகச் சொன்னேன். ஹாஜா வெளியே ஓடினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சரியா இருக்குன்னு நான்தான் சொன்னேன் ஆன்ட்டி. ஓவியர் லிண்டா எழுதும்போது பக்கத்துலயே நின்னேன்.”

“எங்க நின்னீங்க?” என்றாள் மும்தாஜ்.

“உள்ள.”

“நல்லா நின்னீங்க போங்க.”

நடந்தது இதுதான். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் முகப்பில் எதைச் செய்யவும் நகராட்சிக் குழுவின் அனுமதி வேண்டும். ஹாஜா ஆசைப்பட்ட பிளாஸ்டிக் விளக்குப் பலகைக்கு அனுமதி இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி கண்ணாடியில் மெல்லிய தங்கத் தாள் ஒட்டி எழுதலாம். மழையில் அழியாமலிருக்க அதை உள்பக்கத்திலிருந்து, இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும். லிண்டா ஆங்கிலத்தைப் பழக்கத்தில் திருப்பி எழுதிவிட்டாள். தமிழை, கொடுத்த மாதிரியைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டாள். வெளியே அன்று காலை வரை காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாரும் பின்கதவு வழியாக வந்து, உள்ளே நின்று படித்து மகிழ்ந்திருக்கிறார்கள்.

சுரண்டி மறுபடி ஒட்டினால் காய இரண்டு நாளாகும் என்றாள் அங்கேயே இருந்த லிண்டா. மூன்று மணிக்கு நகராட்சி அலுவலர் வருகிறார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமை திறக்க முடியாது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வரச்சொல்லி மசூதியில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

“அவருக்குத் தமிழ் தெரியாதுல்ல” என்றார் ஹாஜா.

“நாமளே சொல்லிடுவோம். அப்புறம் கண்டுபிடிச்சா அசிங்கம்” என்றாள் மும்தாஜ்.

காத்திருந்த நேரத்தில் மும்தாஜ் எனக்குக் கடையைக் காட்டினாள். கதவுக்கு மேலே வரி வரியான கண்ணாடி. தெருவிலிருந்து பார்த்தபோது மங்கலான பட்டை, அவ்வளவுதான். உள்ளே வந்தால் அதன் வேலை தெரிகிறது. பள்ளி ஆய்வகத்தில் பட்டகம் வைத்து ஒளியைத் திருப்புவோமே, அதே தந்திரம். கடையின் கடைசி மேஜை வரை வெளிச்சம் போகிறது.

அலுவலர் வந்தார். மும்தாஜ் உண்மையைச் சொன்னாள். அவர் வரைபடத்தை விரித்து அளந்தார். “அளவு, இடம், நிறம் எல்லாம் சரி. எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று என் விதியில் இல்லை” என்று கையெழுத்துப் போட்டார்.

ஹாஜாவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. “திறந்துட்டு அடுத்த வாரம் அழிச்சு எழுதலாம். ‘வாங்க’ன்னு கூப்பிடறதையே இடம் வலமா மாத்தி எழுதினா யார் வருவா?”

மும்தாஜ் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். “அழிக்காதீங்க. சாப்பிட்டுக் கிளம்பறவங்கதானே இந்தப் பக்கம் நின்னு படிப்பாங்க. கிளம்பறவங்ககிட்ட நாம என்ன சொல்லுவோம்?”

“போய்ட்டு வாங்க” என்றார் ஹாஜா. பிறகு அவரும் கதவைப் பார்த்தார். “அது சரி.”

லிண்டாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அப்படியானால் தன் கூலியில் பிடித்தம் இல்லையே என்று கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், முகப்பில் வெயில் விழும்போதுதான் சுருள் வேலையின் நிழல் தெரியும். நடுவில் உள்ள குறுகல் கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள், மேலே குடும்பங்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

அந்த மாணவி இன்று கேட்டால் என் பதில் கொஞ்சம் நீளும். எந்த ஊரிலும் இப்படியொரு பழைய கடையைப் பார்த்தால் முதலில் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், பிறகு உள்ளே போய்த் தெருவைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்.