ஒரே வேலைக்கு ஏழு சொற்கள்

எழுதுகிறவர்கள் ஒத்தசொல், எதிர்ச்சொல் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல்தான் அதைப் பார்ப்பேன். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் பங்காருபாளையத்துக்குப் பக்கம். ஆண்கள் ஒவ்வொருவராகக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரரும் டிரைவர் வேலைக்குப் போனார். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. அதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மருமகளிடம், "கண்ணு மங்கலா கீது, நீயே எழுதிடு" என்பேன். அவள் நகரிக்காரி, தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குத் திருப்பதி போனவள் பழைய புத்தகக் கடையில் அந்த மாதிரி அகராதி ஒன்றை வாங்கி வந்தாள்.

அன்றிலிருந்து நான் ஒன்று சொன்னால் பேனா நிற்கும், பக்கம் புரளும்.

"இன்னாமே தேடிக்கினு கீற? நான் சொல்றது பத்தலையா?"

"கவலை கவலைன்னு மூணு தரம் சொல்ட்டீங்க அத்தே. இதுல அதுக்கு ஏழு சொல் கீது பாருங்க."

"ஏழும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"ஒரே வேலைக்கு ஏழு ஆளு எதுக்குமே?"

அவள் சிரித்தாள். 'பிரிந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது' என்று நான் சொன்னதை 'விரகத்தில் வாடுகிறேன்' என்று எழுதிப் படித்துக் காட்டினாள். எனக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. "சரி, கவர ஒட்டு" என்றேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு வந்த கடிதத்தை மாந்தோப்பில் தனியாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன்.

"மின்ன வந்த லெட்டரு உன் பேச்சா இருந்துச்சி. இப்ப வர்றது உன் பேச்சு இல்ல. இப்டியெல்லாம் எழுதற ஆம்பள எவன்? அவன்கிட்ட உனக்கு இன்னா பேச்சு?"

ஆம்பளை இல்லை என்று சொல்ல வேண்டுமானால், எனக்கு எழுதத் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதையும் அவள் கையால் எழுத வைத்தால் எவன் நம்புவான்?

"அந்தப் புக்க ஒரு வாரம் குடுமே" என்றேன். அவள் உடனே எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு வேண்டிய சொல்லைத் தேடுவேன். வரிசையாக நிற்கும் சொற்களில் என் வாயில் வருவது எது என்று பார்த்து, அதன் எழுத்தை மட்டும் பென்சிலால் பார்த்து எழுதுவேன். மற்றவற்றைத் தொடவில்லை. அவற்றில் எது என்னை எங்கே மாட்டிவிடுமோ! சந்தேகத்துக்கு எதிர்ச்சொல் நம்பிக்கை என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதினால் அவர் நம்பிவிடுவாரா? விட்டுவிட்டேன். நான்கு வரிக்கு ஐந்து நாள் ஆயிற்று.

"எனக்கு எழுத வராது. பக்கத்து வூட்டு மருமவதான் எழுதனா. ஆம்பள யாரும் இல்ல. இது என் கையி."

அந்த மாதமே பதில் வந்தது. என் கோணல் எழுத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டாராம், தப்பாக நினைத்தது தன் குற்றம்தானாம். எல்லாம் சரி. ஆனால் கடிதம் 'அன்பே' என்று ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் "ஏமே"யைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வந்ததில்லை.

மறுபடி பென்சிலை எடுத்தேன். "எழுதிக் குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.