சாயாத கழுத்து

போர் முடிந்து சனம் ஊர் திரும்பிய மீள்குடியேற்ற நாட்களில், மன்னாரில் ஓர் ஆஸ்பத்திரியின் பல் அறை வாசலில் அந்த அம்மாவைக் கண்டேன். விடத்தல்தீவுப் பக்கம் தன் வயலுக்குத் திரும்பியிருந்தவர். கன்னம் வீங்கியிருந்தது. யாருடன் பேசினாலும் முழு உடம்போடும் திரும்பினார்.

அவருக்குக் கழுத்தில் முள்ளந்தண்டைப் பிணைக்கும் நார் எலும்பாக இறுகி நரம்பை நெரித்ததில் கைகள் விறைக்கத் தொடங்கியிருந்தன. பல்லில் சீழ் இருக்கும்வரை ஒப்பரேஷன் இல்லை என்றார் எலும்பு டொக்டர். கதிரையில் தலை சாய்க்க முடியாதவருக்குப் பல் கழற்ற முடியாது என்று பல் டொக்டர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அன்றும் அதே பதில். அம்மா வாசலை விட்டு நகரவில்லை.

“பல்லும் முள்ளந்தண்டும் ஒரே உடம்பிலதானே டொக்டர் இருக்கு? நான் ஆரிட்டப் போறது?”

“சாயாட்டி எனக்கு வாய்க்குள்ள தெரியாதம்மா.”

“எனக்குத்தான் சாய ஏலாது. உங்களுக்குக் குனிய ஏலும்தானே!”

சிவந்த முகத்தோடு டொக்டர் அவரை வாசலில் கிடந்த நீள வாங்கில் நேராக இருத்தி, தான் முழங்காலில் நின்று பல்லைக் கழற்றினார்.

பஞ்சைக் கடித்தபடியே அம்மா சீறினார்: “இதை முதல் வந்த அண்டைக்கே செய்திருக்கலாம்.”

நன்றி சொல்லாமல் எலும்புப் பிரிவுக்கு நடந்தார். அந்தக் கைகள் தப்பினவா என்று எனக்குத் தெரியாது. அவர் கத்தாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை தடவை அலைக்கழித்திருப்பார்கள் என்று நினைத்தால், இன்றும் ஆத்திரம் வருகிறது.