பாலத்தடியில் நாற்பத்து மூன்று கூடுகள்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கிறவருக்கு எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு அம்மா கதவைத் திறக்கக் கால்மணி நேரம் ஆக்குவார் என்பதெல்லாம் அத்துப்படியாக இருக்கும். நம்ம மீட்டர்காரருக்கு அதற்கு மேலேயும் தெரியும். கல்லறைத் தோட்டத்துப் பின்சுவர்ப் பொந்தில் ஒரு ஜோடி ஆந்தை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் பின்னால் மரங்கொத்தி. கழிவுநீர்ப் பண்ணையின் மூன்றாவது தொட்டிக்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கத் தைரியம் இருந்தால் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் கொல்லைப்புறத்தில் எல்லாம் சட்டப்படி நுழைந்து வருகிற மனிதர் அல்லவா!

அவர் கையில் எப்போதும் ஒரு நீளக் கம்பி இருக்கும். அதன் நுனியில் சின்னக் கண்ணாடி. எவனோ ஒரு புண்ணியவான் விட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்த மீட்டரைப் படிக்க அவரே செய்துகொண்டது. டார்ச்சை அடித்துக் கண்ணாடியைச் சாய்த்தால் எண் தெரியும். அதே கம்பியைத்தான் குருவிக்கூட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் வைத்துக்கொண்டார்.

அவருக்கு உயிர் தகைவிலான்கள்மேல். மண்ணை உருட்டி உருட்டிப் பாலத்தின் அடியில் கூட்டமாகக் கூடு கட்டுகிற குருவி. அதைக் கண்டுபிடிக்க வானத்தைப் பார்த்துக் கழுத்தை ஒடித்துக்கொள்ளாதீர்கள், தரையைப் பாருங்கள் என்பார். காலையில் ஈரம் காயாத சேற்றில் இறங்கி வாய் கொள்ளாமல் மண் அள்ளுகிற குருவி எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் நடந்தால் போதும். அப்படி நடந்துதான் வாய்க்கால் பாலத்தடியில் நாற்பத்து மூன்று கூடுகளைக் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பாலங்களையெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. போன வருடம் ஆற்றுப்பாலத்தில் இதே வேலை நடந்தபோது சேதி தெரிந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஈரச்சேற்றோடு சேர்ந்து கிடந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தத் தடவை விடக் கூடாது என்று முன்கூட்டியே மனு எழுதினார். சாலை அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது: பதினேழாம் எண் பாலத்தில் வேலை மூன்று வாரத்துக்கு நிறுத்தம். கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நடமாடினார்.

நான்காம் நாள் காலை, மருந்துக்கடை வேலைக்குப் பஸ்ஸில் போன மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, உங்க பாலத்துல தண்ணி லாரி நிக்குது. குழாய இறக்கிட்டு இருக்காங்க."

"இருக்கவே இருக்காது. ஆர்டர் என் பையில இருக்கு."

"ஆர்டர் உங்க பையில இருக்கு, குழாய் அவங்க கையில இருக்கு. போறீங்களா, இல்ல பேசிட்டே இருக்கப்போறீங்களா?"

பாதித் தெருவை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினார். போய்ச் சேர்ந்தபோது சாரம் கட்டியாகிவிட்டது. குழாயைத் திறப்பதுதான் பாக்கி. பெயிண்ட் மேஸ்திரி கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சரிதான் சார். பதினேழுல நிறுத்தச் சொல்லியிருக்கு, நாங்களும் நிறுத்திட்டோம். அது சந்தைப்பக்கம் இருக்கு. அங்க குருவியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எதுக்கு நிறுத்துறாங்கன்னு நாங்களே மண்டைய உடைச்சுக்கிட்டோம். இது ஒன்பது." கைப்பிடிச் சுவரில் பதித்திருந்த கல்லைக் காட்டினார். ஒன்பதுதான்.

"இதோ எழுதியிருக்கே பதினேழுன்னு!" என்று பாலத்து முனையில் பெயிண்டில் இருந்த எண்ணைக் காட்டினார் மீட்டர்காரர்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "சார், அது லைட்டுக் கம்பத்து நம்பர்."

மீட்டர்காரருக்குக் காதெல்லாம் சுட்டது. நாளெல்லாம் கம்பத்து எண்ணையே பார்த்துப் பழகிய கண், பாலத்துக்கு என்று தனியாக ஒரு எண் இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. வேறு யார் செய்வார்கள் இந்தக் காரியத்தை! கம்பியை நீட்டி ஒரு கூட்டு வாசலில் கண்ணாடியைச் சாய்த்து டார்ச்சை மேஸ்திரி கையில் கொடுத்தார்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா! வாய் மட்டும்தான் தெரியுது." டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா நான் என்ன சார் பண்ணட்டும்? எட்டு ஆளு வந்து நிக்கிறாங்க. லாரி வேற. சும்மா திருப்பி அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க."

சாலை அலுவலகத்து இன்ஜினியரம்மாவுக்குப் போன் போட்டார்கள். "கம்பத்து நம்பரப் போட்டு மனு எழுதினது யாரு?" என்ற குரல் பாலத்தடியில் எதிரொலித்தது.

"நான்தாம்மா. தப்பு முழுக்க என்னோடதுதான். குஞ்சுங்களுக்கு இன்னும் இறக்கை வரலம்மா."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"அப்போ பதினேழு சும்மாதானே கெடக்கு? மேஸ்திரி, ஆளுங்கள அங்க கூட்டிட்டுப் போங்க. ஒன்பத மூணு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம். சார், புது மனு இன்னைக்கே வரணும். இந்தத் தடவை பாலத்தோட நம்பர்!"

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாரத்தைக் கழற்றுகிற சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. மறுபடியும் மனைவியிடமிருந்து போன்.

"நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்க."

"என்ன, அழறீங்களா?"

"பாலத்தடி இல்லையா, ஒரே தூசி."

"சரி சரி, தொடச்சுக்கிட்டு வேலையப் பாருங்க."

மூன்று வாரம் கழித்து மேஸ்திரி ஆட்களோடு வந்து, லாரியை ஓரம் கட்டிவிட்டுக் காத்திருந்தார். மீட்டர்காரர் ஒவ்வொரு கூடாகக் கண்ணாடியை நீட்டிப் பார்த்து, ரீடிங் எடுக்கிற அதே நோட்டில், காலிக் கூட்டுக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே போனார். அவர் தொழிலில் பூஜ்யம் வந்தால் தலைவலி. ஒன்று பூட்டிய வீடு, இல்லையென்றால் கெட்டுப்போன மீட்டர். இங்கேயோ ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நாற்பத்து மூன்றாவது கூட்டில் கண்ணாடியை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த இளங்குருவிகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எல்லாம் பூஜ்யம் மேஸ்திரி," என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கத்தினார். "தண்ணியத் திறங்க!"