பத்தடி அறையும் புதுப் பிரிண்டரும்

கீரமங்கலம் கடைவீதியில் ஒரு மாடி அறைதான் என் அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிறேன். பழைய பிரிண்டர் உயிரை விட்டதும், பெரிய தாளில் அச்சடிக்கிற புதியது ஒன்று வாங்கினேன். வந்த நாளிலிருந்து என் வரைபட மென்பொருளுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. கடிதம் அனுப்பினால் அழகாக அச்சடிக்கும். பிளானை அனுப்பினால் வெள்ளைத் தாளைத் துப்பும். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் தட்டினேன், வாயில் வந்தபடி திட்டினேன்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. துபாயில் வேலை பார்க்கிற ஒருவர் வீடு கட்டுவதற்காக லீவில் வந்திருந்தார். மறுநாள் காலை பூமி பூஜை, சாயங்காலம் திருச்சியில் விமானம். முளை அடிப்பதையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். அவரும் மனைவியும் கொத்தனாரும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மதியம் ஒருவழியாகப் பிளான் வெளியே வந்தது. நான் பெருமை பீற்றிக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் தாளில் எழுதிய எண்ணை நம்புவதில்லை. கால் அங்குலம் ஓர் அடி என்று ஸ்கேலை வைத்துத் தாங்களே அளந்து பார்ப்பார்கள். வந்திருந்த கொத்தனாரும் படுக்கை அறையின் மேல் ஸ்கேலை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, பத்துன்னு எழுதியிருக்கு. அளந்தா ஒம்பதுதான் வருது."

மனையடி சாஸ்திரத்தில் பத்தடி நல்லது, ஒன்பது ஆகவே ஆகாது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. தப்பு தாளில்தான் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. முதல் தாளிலேயே ஒன்பது வந்துவிட்டதே, பூஜையைத் தள்ளிவைப்போம் என்றார். தள்ளிவைத்தால் கணவர் ஊரில் இருக்க மாட்டார். அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'தாளுக்குள் அடக்கு' என்ற இடத்தில் டிக் விழுந்திருந்தது. போட்டது நானேதான். பிரிண்டர் நான் சொன்ன பேச்சைக் கேட்டு, வீட்டையே பத்தில் ஒரு பங்கு சுருக்கியிருக்கிறது. இவ்வளவு நேரம் அதைத் திட்டியதற்கு வெட்கமாகப் போயிற்று. டிக்கை எடுத்துவிட்டு, கால் அங்குலம் ஓர் அடி என்று அளவைக் கொடுத்து மறுபடி அச்சடித்தேன். ஓரத்தில் என் பெயர் பாதி வெட்டுப்பட்டது, போகட்டும்.

இந்த முறை கொத்தனார் ஸ்கேலை அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார்.

"பத்து இருக்குக்கா."

எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது.

மறுநாள் முளை அடித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். துபாய்க்காரர் படுக்கை அறைக் கோட்டுக்குள் போய், துண்டை விரித்து, வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். எல்லோரும் பார்க்கிறார்கள், எழுந்திருங்கள் என்று மனைவி சிரித்துக்கொண்டே அதட்டினார்.

"இரு. ஒரு நிமிசம் நம்ம வீட்ல படுத்துக்கிறேன்."

அதட்டியவர், வாசலுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகச் சுற்றிப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.