ரொம்சோஸ் பக்கம் திரும்பினால் நடுங்கும் ரேடார்

ரேடாரைக் கண்டுபிடித்தவர் ஒஸ்லோ ரொம்சோஸில், நாலாம் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் திருமதி உதயகுமாரி இந்திரகுமார்தான். அவர் பிறப்பதற்கு முன்பே கப்பல்களில் ரேடார் பூட்டிவிட்டார்கள் என்று சிலர் தடை சொல்வார்கள். அது பொறாமை. எதிரொலியைப் பிடித்துப் பறக்க வௌவாலைப் பழக்கியதும் அவர்தான். சந்தேகம் என்றால் வௌவாலிடம் கேட்கலாம்.

இதை எழுதுகிறவள் அவருடைய மகள் ராகவி. கட்டுரையில் "நான்" வந்தால் புள்ளி குறைப்பேன் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாத்தியார் வெருட்டி வைத்திருப்பதால், ராகவியும் இதில் வேறு யாரோ ஒரு பிள்ளை மாதிரித்தான் வந்துபோவாள். நல்ல பிள்ளை. ஒரு பாவமும் அறியாதவள்.

இனி உண்மை. உதயகுமாரி பேராதனையில் மின்பொறியியல் படித்தவர். சண்டைக்குத் தப்பி நோர்வேக்கு வந்தபோது ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலை அவரைக் கத்தி கொடுத்து வரவேற்றது. மீன் வரும் பட்டி விக்கி விக்கி ஓடுவதைப் பார்த்து, தன் வேகம் என்னவென்று மோட்டாருக்கே தெரியவில்லை, அதுதான் கோளாறு என்று மேற்பார்வையாளருக்கு விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னும் கூரான கத்தி ஒன்றைக் கொடுத்தார்.

பிறகு ஒஸ்லோ, மொழி வகுப்பு, பழைய சான்றிதழ்களோடு படியேறி இறங்கியது எல்லாம் முடிந்து, ஒரு தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் பட்டறையில் "விகார்" ஆனார். விகார் என்றால் வேறொருவர் வரும்வரை அவருடைய கதிரையைச் சூடாக்கி வைத்திருப்பவர்.

2006 இலையுதிர் காலத்தில் அந்தப் பட்டறைக்கு ஐம்பதுகளில் செய்த ரேடார் ஒன்று வந்தது. இங்கே ஒரு கைச்சக்கரத்தைச் சுழற்றினால் அங்கே பெரிய அன்ரெனா அதே அளவு திரும்பவேண்டும். இயக்குநர் அம்மையார் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். பள்ளி விடுமுறை வாரத்தில் காட்சி திறக்கும். அன்று ரேடார் ஒழுங்காகத் திரும்பினால் உதயகுமாரிக்கு அங்கேயே நிரந்தர வேலை. திரும்பாவிட்டால் ரேடார் களஞ்சியத்துக்கு, உதயகுமாரி வீட்டுக்கு.

"திரும்பும்," என்றார் உதயகுமாரி. கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால் ஓம் என்பது போல.

அவருக்குத் துணை ஒட்வார். இளந்தாரியாக இருந்தபோது இந்த ரேடாரைக் கட்டிய ஆராய்ச்சிக் குழுவில் வேலை செய்தவர். இப்போது ஓய்வுபெற்று, வீட்டில் மனைவியின் காலுக்குள் நிற்காமல் பட்டறைக்கு வந்துவிடுவார்.

அன்ரெனாவின் அடியில் இருந்த ஒரு சிறு டப்பா ஊத்தை பிடித்துக் கிடந்தது. உதயகுமாரி அதைக் கழற்றி, ஒட்வாரிடம் சொல்லிவிட்டு, வார இறுதியில் துப்புரவாக்க வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இதென்ன, மிக்சர் டப்பாவோ?" என்று கேட்டார் இந்திரகுமார். அவருடைய கணவர், பஸ் ஓட்டுகிறவர்.

"நாக்கு," என்றார் உதயகுமாரி. "கறிக்கு உப்பைப் போட்டிட்டு ருசி பாக்கிறேல்லையே? குறைஞ்சா இன்னும் போடுறம், காணுமெண்டா நிப்பாட்டுறம். மோட்டார் அன்ரெனாவைத் திருப்பும். எவ்வளவு திரும்பினதெண்டு இது ருசி பாத்துச் சொல்லும். உள்ளுக்கை வட்டமா ஒரு கம்பிச்சுருள், அதுக்கு மேலை தடவிக்கொண்டு போற ஒரு நாக்கு. இது பிழையாச் சொன்னா மோட்டாருக்கு எங்கை நிக்கிறதெண்டு தெரியாது."

"நீர் எங்கை ருசி பாக்கிறனீர்? எங்களிலைதானே பரிசோதிக்கிறனீர்."

அது நவராத்திரிக் காலம். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கினார்கள். விஜயதசமி வரை அவற்றைத் தொடக்கூடாது என்பதால், ராகவி தன் கணக்குப் புத்தகத்தை மிகுந்த பக்தியோடு எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். கைத்தொலைபேசியை வைக்க மறந்துபோனாள். "கருவியெண்டா வைக்கத்தானே வேணும்," என்று இந்திரகுமார், துப்புரவாக்கிப் பூட்டியிருந்த அந்த டப்பாவையும் வைத்து, மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

விஜயதசமிக் காலையில் டப்பாவோடு சுரங்க ரயில் ஏறிய உதயகுமாரி, வழக்கம்போல இரண்டாம் நிறுத்தத்துக்குள் அந்தப் பொட்டைக் கடதாசியால் துடைத்துவிட்டார். சாமி வீட்டில், சாமான் வேலையில் என்பது அவருடைய கொள்கை.

பட்டறையில் டப்பாவைப் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். அன்ரெனா வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. வடகிழக்குக்கு வந்ததும் காய்ச்சல்காரன் மாதிரி உதறத் தொடங்கியது. அதைத் தாண்டியதும் ஒன்றும் நடக்காதது போல அமைதி. திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதே இடம், அதே உதறல்.

"மோட்டாரை ஓட்டும் மின்பெருக்கியின் பலம் கூடிவிட்டது. குறைப்போம்," என்றார் ஒட்வார்.

"அப்படியென்றால் எல்லாப் பக்கமும் உதறவேண்டும். இது ஒரு பக்கம்தான். கோளாறு அந்தப் பக்கத்தில்தான் குந்திக்கொண்டிருக்கிறது."

அந்த நேரம் பார்த்து இயக்குநர் வந்தார். "எந்தப் பக்கம்?"

"ரொம்சோஸ். என் வீட்டுப் பக்கம்."

"பாவம், அதற்கும் வீட்டு ஞாபகம்," என்றார் ஒட்வார்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பழுது என்று ஓர் அட்டை அடிக்கச் சொல்லவா?"

"கடதாசியை மிச்சம் பிடியுங்கள்," என்றார் உதயகுமாரி. குரல் அசையவில்லை. சப்பாத்துக்குள் கால்விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன. அதை அவரே பிறகு வீட்டில் சொன்னார்.

ஒட்வார் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் டப்பாவைத் திரும்பக் கழற்றினார். மூடியில் நான்கு திருகாணிகள், அதில் ஒன்று குட்டை. திறந்தால், கம்பிச்சுருளின் மேல் ஓரிடத்தில் காய்ந்துபோன மஞ்சள் வட்டம். அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. நாக்கு அந்த இடத்தில் ஏறி விழும்போதெல்லாம் மோட்டாருக்கு ருசி தெரியாமல் போயிருக்கிறது. உதயகுமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன இது?" என்றார் கண்ணாடியோடு வந்த ஒட்வார்.

"சந்தனம். மேலே குங்குமம். ஆசீர்வாதம்."

"எங்கள் காலத்தில் அது பழுப்புச் சீஸ்," என்றார் ஒட்வார். "ஒருவன் பல்சக்கரத்துக்கு மேலே நின்று சீஸ் வைத்த பாண் சாப்பிட்டு உள்ளே சிந்திவிட்டான். ஒரு கிழமை தேடினோம். ஆனால் நாங்கள் ஒருவரும் அதைக் கும்பிடவில்லை."

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துப் பூட்டியதும் அன்ரெனா ரொம்சோஸைத் தாண்டி நிமிர்ந்து போனது. அடுத்த நாள் பிள்ளைகள் சக்கரத்தில் தொங்காத குறை. அந்தக் கிழமையே உதயகுமாரிக்குச் சொந்தக் கதிரை கிடைத்தது.

சந்தனம் எப்படி உள்ளே போனது என்பதை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சந்தனம் ஈரம், மூடியில் இடுக்கு, அப்பாவின் விரல் பெரிது. அவ்வளவுதான் சொல்லலாம்.

இதுவரை எழுதியதை உதயகுமாரி குசினி மேசையில் வைத்துச் சிவப்புப் பேனையோடு வாசித்தார். வௌவாலைத் தாண்டினார். "இருக்கட்டும், வௌவால் வந்து மறுக்கவே போகுது?" என்றார். கொஞ்சத் தூரம் போய்ப் பேனை நின்றது.

"பிள்ளை, இஞ்சை வா. ஒரு ஆணி குட்டை எண்டு எழுதியிருக்கிறாய்."

"ஓம்."

"மூடியைக் கழட்டினாத்தான் அது தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. ஒட்வார் அப்ப கண்ணாடி தேடிக்கொண்டு நிண்டவர். அப்பா மேலைதான் பொட்டு வைச்சவர்."

ராகவி குளிர்பெட்டியைத் திறந்து பாலை உற்றுப் பார்த்தாள்.

"மேலை வைச்சா அம்மா ரயிலிலை துடைச்சுப்போடுவா எண்டு, துடைக்கேலாத இடமாப் பாத்து வைச்சனீ, என்ன?"

ராகவி பால்பெட்டியில் இருந்த திகதியை இரண்டு தரம் வாசித்தாள்.

"எனக்கு அந்த வேலை கிடைக்கோணும் எண்டு."

குளிர்பெட்டி கீச்சிடத் தொடங்கியது. உதயகுமாரி எழும்பி வந்து, அதன் கதவைச் சாத்தி, சிவப்புப் பேனையை மகளின் கையில் வைத்தார்.

"ஒரு பாவமும் அறியாதவள் எண்டு மேலை ஒரு வசனம் கிடக்குது. அதை மட்டும் உன்ரை கையாலை வெட்டு."