பாட்டு மட்டும் மிஞ்சிய வாய்

காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.

என் கணவர் ரங்கூனில், அலோன் என்ற பேட்டையின் படகுத்துறைச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். எங்கள் சனத்துக்கு அவர் பாட்டுக்காரர். அந்தக் காலத்து மன்னர்களின் வாசலில் நின்று வம்சம் பாடிய பாணர் வழி என்று அவர் குடும்பம் சொல்லிக்கொள்ளும். கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவர்களின் கதையை, யாருக்கு யார் பிள்ளை என்று, அம்மன் கோயில் திருவிழாவில் வருடாவருடம் அவர்தான் பாடுவார். எல்லாம் மனப்பாடம்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு சொல்கூட வரவில்லை. வாய் கோணும், கண்ணீர் வழியும்.

ஒரு சாயங்காலம் கரண்டு போய் வார்டு இருண்டிருந்தபோது திடீரென்று பாடினார். வம்சப் பாட்டு. ஒரு பெயர் பிசகவில்லை. பூரித்துப்போய், "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டேன். மறுபடியும் பாட்டின் முதலடிதான் வந்தது.

பர்மாக்கார டாக்டரம்மாவிடம் ஓடினேன். "சயாமா, பாடுறவருக்குப் பேச வராதா?" என்று அவர் பாஷையில், மரியாதையோடு கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூளையில் பேச்சு இருந்த இடம் கெட்டுவிட்டது. பாட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பேச்சு திரும்புமா, சொல்ல முடியாது."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முதுகில் படுக்கைப் புண் வந்தது. முனகுவார், எங்கே என்று காட்டத் தெரியாது. அதே மெட்டில், "எங்கே வலிக்குது சாமி" என்று பாடிக்கூடக் கேட்டுப் பார்த்தேன். பாட்டன் பெயரைப் பாடினார்.

"உங்க பாட்டன் பேரு எனக்கு எதுக்குங்க? என் பேரச் சொல்லுங்க, போதும்" என்று கத்தினேன். அவர் அழுதார்.

திருவிழாவுக்குக் கோயில்காரர்கள் வந்தார்கள். "அக்கா, தூக்கிட்டுப் போயி உக்கார வெக்கிறோம். அவரு பாடலேன்னா யாரு பாடுவா?" மனசு கேட்காமல் சம்மதித்தேன். நாற்காலியில் சாய்ந்தபடி முழுவதையும் பாடினார். தங்கள் முன்னோர் பெயர் வந்ததும் கிழவர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

திரும்பும்போது காரில் அவர் வேட்டியின் மூத்திர ஈரம் என் சேலையில் ஊறியது. எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்தாரோ, கேட்க வாயில்லை. வெட்கத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்ததும் உதடு அசைந்தது.

"பாட வேணாங்க," என்றேன். "சும்மா இருங்க."

அதற்குப் பிறகு யார் கேட்டும் நான் அவரை அனுப்பவில்லை. இன்னும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.